இணைச்சீரில் ஒரு விசாரணை

எங்கள் அக்கா எருமப்பட்டிக்குத் தெற்கே, மானாவாரிக் காட்டுக்கு நடுவிலிருந்த ஓட்டு வீட்டில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். அதற்குமேல் வீட்டில் யாரும் பிறக்கவில்லை. என்னைப் பார்த்தபின் இது போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கலாம்.

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது அக்காவின் மகள், "மாமாதான பத்திரிகைல எழுதறவரு, அவரே எழுதட்டும்" என்றாள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சிரிப்பா எழுதிப்புடாதீங்க மாமா, பெரியவங்க எல்லாம் படிப்பாங்க" என்றாள். பக்கத்திலிருந்த என் மனைவி, "அதுக்கு நீ பயப்படாத சாமி, உங்க மாமா எழுதறதப் படிச்சு இதுவரைக்கும் யாரும் சிரிச்சதில்ல" என்று தைரியம் சொன்னாள். இப்படித்தான் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

முறைப்படி பிறப்பு, படிப்பு, பணி, குணநலன், கடைசி நாள் என்று எழுதிக்கொண்டு போகலாம். போகிறேன். ஆனால் வழியில் ஓரிடத்தில் நான் நின்றாக வேண்டும். அக்கா விட்டுவந்த போலீஸ் வேலைக்கு மறுபடியும் போன அந்தக் காலையில் நான் அவரிடம் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்திச் சொல்ல எனக்கு முப்பது வருடத்துக்குமேல் அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. இப்போது அச்சில் சொல்கிறேன்.

அக்கா போலீஸுக்குப் போனதற்குக் காரணம் லட்சியம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் காரணம் ஒன்றரை முழ வரப்பு. எங்கள் காட்டுக்கும் பங்காளி காட்டுக்கும் இடையே அந்த வரப்பு வருடத்துக்கு ஒரு சாண் எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பங்காளி வீட்டில் ஒருவர் போலீஸில் ஏட்டாக இருந்தார். "நம்ம ஊட்டுலயும் ஒரு காக்கி இருந்தா வரப்பு நின்னுக்கும்" என்பது அப்பாவின் கணக்கு. ஆகவே பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரியில் தோற்றுக்கொண்டிருந்த என்னைச் சேலத்துக்கு ஆளெடுப்புக்கு அனுப்பினார்.

உயரத்தில் தேறினேன். மார்பளவில் நின்றுபோனது. மூச்சை இழுத்து விரிக்கச் சொன்னார்கள். நாடா பிடித்திருந்தவர், "தம்பி, விரிக்கலாம்" என்றார். "விரிச்சுட்டனுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காவல்துறைக்கும் எனக்கும் இருந்த உறவு அத்துடன் முடிந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அக்காதான் பேசினார்.

"ஏனுங்கப்பா, நான் போகட்டுங்களா?"

"எங்கெ?"

"போலீஸுக்குத்தானுங்க. பொம்பளைகளையும் எடுக்கறாங்களாமா. பேப்பர்ல போட்டிருக்குது."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். அப்பா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "வரப்புல வந்து நிக்கறது யாரா இருந்தா என்ன? காக்கி காக்கிதான" என்றார்.

பெண் விடுதலை பற்றி எங்கள் ஊரில் பேசப்பட்ட முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கிணற்றில் தண்ணீர் சேந்தி, கடலை மூட்டை தூக்கி, எருமப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நடந்து வளர்ந்தவருக்கு அந்த ஓட்டமும் தாண்டலும் பெரிய காரியமாக இருக்கவில்லை. தேறிவிட்டார். வெளியூரில் பயிற்சி முடித்துச் சேலத்தில் பணிக்கு வந்தார். முதல் விடுப்பில் வீட்டுக்கு வந்த அன்று, "அந்த உடுப்போட ஒரு நடை காட்டுப்பக்கம் போயிட்டு வா சாமி" என்று அப்பா சொன்னார்.

"அது சர்க்கார் துணிங்கப்பா. நம்ம வரப்புக்கெல்லாம் வராது" என்றார் அக்கா. சேலையோடுதான் காட்டுக்குப் போனார். பங்காளி வீட்டுப் பெரியம்மாவிடம் பயிற்சியில் போட்ட சோற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வரப்பு நகரவில்லை. அது காக்கிக்கா, பேச்சுக்கா என்று அப்பா கடைசிவரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்தச் சேலத்து வருடங்கள் இன்றைக்கும் எனக்கு வெயில் நிறத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. நான் அப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் பஸ் ஏறுவேன். அக்கா பஸ் நிலையத்தில் பணியில் நிற்பார். வழி தெரியாத கிழவிகளும், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த மருமகள்களும், பிள்ளையைத் தொலைத்தவர்களும் அவரைச் சுற்றி எப்போதும் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதை எதிராளியால் ரொம்ப நேரம் தாங்க முடியாது. பணி முடிந்ததும் எனக்கு ரவா தோசை வாங்கிக் கொடுப்பார். நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த கவிதைகளைக் காட்டுவேன். படித்துவிட்டு அதே மாதிரி சும்மா இருப்பார். கவிதை எழுதுவதை நான் விட்டது அப்படித்தான்.

பிறகு கல்யாணம். அக்காவைக் கட்டிய மாமாவுக்கு எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் காடும், புதிதாகப் போட்ட கோழிப்பண்ணையும் இருந்தன. மாமாவின் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "மருமகளுக்கு ஊட்டுலயே ஆயிரம் கோழி பாரா பாக்கக் கெடக்குது. அதுக்குமேல வேற பாரா வேண்டாம்." அக்கா விடுப்பில் வந்தார். விடுப்பை நீட்டினார். பெண் பிறந்தாள், பின்னாலேயே பையன் பிறந்தான். நீட்டிய விடுப்பும் தீர்ந்து, ஒரு நாள் பணிப்பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டதாகக் காகிதம் வந்தது. அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி கலக்கப் போனார்.

ஏழு வருடம். அக்காவின் பண்ணையில் கூண்டுகள் அணிவகுப்பு மாதிரி இருக்கும். தடுப்பூசி நாள் பிசகாது. பக்கத்துப் பண்ணைகளில் வெள்ளைக் கழிச்சல் வந்து கோழிகள் சாய்ந்த கோடையிலும் அக்காவின் கோழிகள் நின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை. அவரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, புருஷன் அடித்ததில் உதடு கிழிந்து வந்தாள். ஸ்டேஷனுக்குத் துணைக்கு வரச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா போனார். அங்கே இருந்தது முழுக்க ஆண்கள். அந்தப் பெண்ணுக்கு வாயே திறக்கவில்லை. என்ன கேட்டாலும் "விழுந்துட்டனுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். எப்படிக் கேட்டால் அவள் சொல்லுவாள் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் கேட்கும் இடத்தில் அவர் இல்லை.

மறுநாள் பட்டறைக்கு என்னைத் தேடி வந்தார். லாரிக்கு ஆணி அடிக்கிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மேசைக்கு இந்தப் பக்கம் நிக்கறது எனக்கு ஒத்துவரல சாமி. திரும்பி எடுத்துக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடு."

"மாமா என்ன சொல்றாரு?"

"சொன்னேன். கோழிக்குத் தீனி வெக்கற நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. வேண்டாம்னு சொல்லல பாத்துக்க. மாமியாளுக்கு இன்னும் தெரியாது. பதில் உன்ற பட்டறை விலாசத்துக்கே வரட்டும்."

மனுவை மூன்று முறை எழுதினேன். முதல் மனுவைப் படித்துவிட்டு, "இதுல கடல் எதுக்குடா வருது?" என்றார். இரண்டாவதில் ஒரு பறவையை அடித்தார். மூன்றாவதில் எதுவும் இல்லை; பெயரும் பழைய நம்பரும் வேண்டுகோளும் மட்டும் இருந்தன. என் எழுத்தில் பயன் விளைந்தது அந்த ஒன்றில்தான்.

மனு போயிற்று. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின. இடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் எடப்பாடிப் பக்கம், தறி போட்டிருந்த குடும்பம். பத்திரிகை அடித்து, நாமக்கல்லில் மண்டபமும் பிடித்தாகிவிட்டது. முகூர்த்தம் வியாழக்கிழமை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பட்டறைக்கு அந்த உறை வந்தது. பிரித்துப் படித்தேன். அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக உத்தரவு. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சேலம் போலீஸ் மைதானத்தில் ஆஜராக வேண்டும், தவறினால் உத்தரவு ரத்தாகும் என்றிருந்தது. என் கல்யாணம் அன்றைக்குத்தான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. அது மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் சேர்ந்து நிற்கிற சீர். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவள் கையில் இருக்கும், மறு தலைப்பு அவன் கையில் இருக்கும். புதிதாக ஒருத்தி வந்தாலும் இவளுக்கும் எனக்கும் உள்ளது விட்டுப்போகாது என்று ஊரறியக் காட்டுவது. அக்காவிடம் உத்தரவைக் கொடுத்தால் முதல் நாளே சேலம் போய்விடுவார் என்று நினைத்தேன். வேலை விஷயத்தில் அவர் அப்படிப்பட்டவர். அவர் இல்லையென்றால் பெரியப்பா மகள் யாராவது நிற்பார்கள், முறையும் கெடாது. ஆனால் எனக்கு அக்காதான் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் அக்கா கல்யாணத்தை விட்டுவிட்டு எங்கே போனாள் என்று பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற பயமும் இருந்தது.

பட்டறைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. உறையை அதன் பின்னால் செருகினேன். தினமும் காலையில் தேதி கிழிப்பது என் வேலை. சனி கிழித்தேன், ஞாயிறு கிழித்தேன். கிழிக்கக் கிழிக்க அட்டைக்குப் பின்னால் அந்த உறை தடித்துக்கொண்டே வருவது போலிருந்தது. புதன்கிழமை பொழுது சாய மண்டபத்துக்குள் அக்கா நுழைந்தபோது, அதற்குமேல் தாங்காமல் கையில் கொடுத்துவிட்டேன். அக்கா நின்றபடியே படித்தார். உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். இடுப்பில் செருகிக்கொண்டு, "சமையக்காரருக்குத் தேங்கா போதுமான்னு கேட்டியா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

விசாரணை மறுநாள் விடியற்காலையில், இணைச்சீரில் நடந்தது.

அக்கா நாட்டுக்கொசுவம் வைத்துச் சேலை கட்டி, சீர்க்கூடையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். சேலைத் தலைப்பை என் கையில் கொடுத்தார்கள். சீர் நடத்தும் அருமைக்காரர் நிதானமானவர். எதையும் மூன்று முறை சுற்றாமல் விடமாட்டார். அக்கா நேரே பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்டார்.

"கடுதாசி எப்படா வந்துச்சு?"

"நேத்துக் காலைலக்கா."

"சேலத்துல முத்திரை குத்துனது போன வியாழக்கெழம. நாமக்கல்லுக்கு நடந்தா வந்துச்சு?"

"மாப்ள, கெழக்கெ பாருங்க" என்றார் அருமைக்காரர். கிழக்கே பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம வந்துச்சுக்கா."

"அஞ்சு நாளா எங்க இருந்துச்சு?"

ஓட வழியில்லை. கையில் சேலை, எதிரே ஊர். "பட்டறைல வெச்சிருந்தேன். கல்யாண வேலைல மறந்துட்டேன்க்கா."

அக்கா சும்மா இருந்தார். நான் முன்பு சொன்ன அந்தச் சும்மா. அருமைக்காரர் தட்டத்தை மூன்று முறை சுற்றி முடிக்கும்வரை இருந்தார். பிறகு "செரி" என்றார்.

"அங்கென்ன சாமி ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று கூட்டத்திலிருந்து அத்தை ஒருவர் கேட்டார்.

"பஸ்ஸு நேரம் கேட்டனுங்கத்த" என்றார் அக்கா.

"நிக்கறதப் பாரு, சலாம் போடப் போறாளாட்ட" என்று இன்னொருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உண்மைதான். அத்தனை நேராக நின்று யாரும் இணைச்சீர் செய்து நான் பார்த்ததில்லை.

தாலி கட்டி முடிந்ததும் அக்கா மேடையிலிருந்து இறங்கினார். மாமியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். "தம்பி கண்ணாலத்தன்னிக்கா? சோறுகூடத் திங்காமயா?" என்று அந்த அம்மா திகைத்தார். அது மறுப்பா, அக்கறையா என்று அவருக்கே தெளியவில்லை. மணி எட்டரை ஆகியிருந்தது. நாமக்கல் பஸ் நிலையத்துக்கு நடந்து, பஸ் பிடித்து, சேலம் போய்ப் பத்து மணிக்குள் மைதானத்தில் நிற்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஏழு வருடம் காத்திருந்ததும், ஒரு வருடம் நடந்த மனுவும் என் காலண்டருக்குப் பின்னால் கரைந்து போய்க்கொண்டிருந்தன. மாலையும் கழுத்துமாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வாசலில் பண்ணை முட்டை வண்டியின் ஹாரன் கேட்டது. பட்டு வேட்டியோடு மாமா ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார்: "சேலத்துக்கு லோடு போவுது. வாரவங்க ஏறிக்கலாம்."

அக்கா ஏறிக்கொண்டார்.

நெற்றியில் மஞ்சளும், தலையில் வாடிய பூவும், நாட்டுக்கொசுவமுமாகப் பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்தில் போய் நின்றாராம். அங்கிருந்த அதிகாரி, "என்னம்மா இது கோலம்?" என்று கேட்டிருக்கிறார்.

"தம்பி கல்யாணமுங்க ஐயா. இணைச்சீர் முடிச்சுட்டு வாரனுங்க."

"அடடா. நாலு நாள் முன்னாடி எழுதிக் கேட்டிருந்தா அடுத்த வாரத்துக்குத் தள்ளிக் குடுத்திருப்பமே. அதுக்கு ஏற்பாடு இருக்குதே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விருந்தில் அக்கா இதைச் சொன்னார். உறையை வெள்ளிக்கிழமையே கொடுத்திருந்தால் அவர் இணைச்சீருக்கும் நின்றிருப்பார், விருந்தும் சாப்பிட்டிருப்பார், நிம்மதியாக அடுத்த வாரம் போய் வேலையிலும் சேர்ந்திருப்பார். நான் எதைக் காப்பாற்ற ஒளித்தேனோ, அதற்கு ஆபத்தே இருக்கவில்லை.

"நீ அவருகிட்ட என்னக்கா சொன்ன?"

"கடுதாசி கைக்கு வர நேரமாயிருச்சுங்கன்னு சொன்னேன்" என்றார். அதில் பொய் இல்லை. அவர் பொய் சொல்ல மாட்டார்.

அதற்குப் பிறகு அக்காவின் பணியைப் பற்றி இந்த மலரில் அவரோடு வேலை பார்த்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஏட்டாகி, எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றது வரை என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உதடு கிழிந்து வந்த அந்தப் பெண் மறுபடியும் ஒருமுறை அடிபட்டபோது நேரே அக்காவிடம் போய்ச் சொன்னாள் என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன். இந்த முறை அவள் விழவில்லை.

வீட்டுக்கு வரும் இளம் பெண் போலீஸ்களுக்கு அக்கா பாடம் எடுப்பதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். "தெரியாதுங்கறவன நம்பலாம் சாமி. மறந்துட்டேங்கறவனுக்கு எல்லாம் நெனப்பிருக்கும். அவன முடுக்காத. சொல்லத் தோணறப்ப அவனே வருவான்." நான் பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். சில சமயம் தலைகீழாக.

சேலத்து மருத்துவமனையில் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த என்னை அக்கா கேட்டார்: "ஏஞ் சாமி, அந்தக் கடுதாசிய நெசமாவே மறந்துட்டயா?"

எனக்கும் வயதாகிவிட்டது. பேரன் எடுத்தாகிவிட்டது. இருந்தும், "மறந்துதான்க்கா போனேன்" என்றேன்.

"செரி" என்றார். ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அக்கா, வெள்ளிக்கிழமை வந்தது. படித்தேன். மறக்கவில்லை. காலண்டருக்குப் பின்னால் நானேதான் வைத்தேன்.

அக்காவின் கடைசி நாள்களில் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தகவல் தெரிந்ததும் பணி உடுப்போடு வந்து வாசலில் வரிசையாக நின்ற பெண் காவலர்களுக்கும், பத்து நாளும் எங்கள் அடுப்பை மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த பங்காளி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வரப்பு அப்படியேதான் இருக்கிறது.

மாமாவுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இது அவளுக்கு அன்னிக்கே தெரியும் மாப்ள" என்றார்.

"தெரியும்னு எனக்கும் தெரியுமுங்க மாமா. கோவப்பட்டாளா?"

"வண்டில ஏறினதும் சொன்னா. 'எந்தம்பி அஞ்சு நாளு மறைச்சு வெச்சிருக்கறானுங்க. நான் கூட நிக்கோணும்னு அத்தன ஆச இருந்திருக்குது அவனுக்கு'ன்னா. ராசிபுரம் தாண்டற வரைக்கும் சிரிச்சுட்டே வந்தா."

கையிலிருந்த தாள்களை மடித்தேன். "நீங்க என்னங்க மாமா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் சொல்றது? நான் முட்டைக்குத்தான போனேன்" என்றார் மாமா. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு லோடு ஏத்தவே இல்ல. வெறும் வண்டி" என்றார்.